வராதவர்களின் விழா: 'டாக்டர் ஹூ' ஆண்டுவிழாக் கதைகளும் ரசிகர் வாதங்களும்

1974 பிப்ரவரியில் பிரிட்டனின் 'ரேடியோ டைம்ஸ்' வார இதழில் ஒரு வாசகர் கடிதம் வெளிவந்தது. எழுதியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த 15 வயதுப் பள்ளி மாணவர். 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் பத்தாண்டு நிறைவுக்காக அந்த இதழ் கொண்டுவந்த சிறப்பு மலரைப் பாராட்டி எழுதியிருந்தார். அவர் பெயர் பீட்டர் கபால்டி. 2013 ஆகஸ்டில் தொடரின் அடுத்த டாக்டராக பிபிசி அறிவித்தது அவரைத்தான். 1986இல் பிபிசியின் 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சியில் 16 வயது ரசிகர் ஒருவர், அந்த ஆண்டின் கதை சரியில்லை என்று அதை எழுதியவர்களிடமே முகத்துக்கு நேராகச் சொன்னார். கிறிஸ் சிப்னல் என்ற அந்த ரசிகர் பின்னாளில் தொடரின் தலைமை எழுத்தாளராகி, 2018 முதல் 2022 வரை அதை நடத்தினார்.

அதனால்தான் இந்தத் தொடரின் ரசிகர்கள் பேசுவதை வெறும் அரட்டை என்று தள்ளிவிட முடியாது. இன்று வாதாடுகிறவர் இருபது முப்பது ஆண்டுகளில் எழுத்து மேசைக்கோ டாக்டர் வேடத்துக்கோ வந்துவிடுகிறார். தலைமை எழுத்தாளர்களான ரசல் டி டேவிஸ், ஸ்டீவன் மோஃபட், எழுத்தாளர் மார்க் கேட்டிஸ், டாக்டராக நடித்த டேவிட் டெனன்ட் எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள்தாம். அவர்களும் மற்ற ரசிகர்களும் ஓயாமல் வாதாடும் பொருள்களில் முக்கியமானது ஆண்டுவிழாச் சிறப்புக் கதை. பத்தாம் ஆண்டு, இருபதாம் ஆண்டு, வெள்ளி விழா, பொன்விழா, வைரவிழா என ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் முன்பே ஊகம் தொடங்கிவிடும். முடிந்த பிறகு தீர்ப்புகள் பல பத்தாண்டுகளுக்கு நீளும்.

வாதத்தின் மையம் ஒரே கேள்விதான்: ஆண்டுவிழாக் கதை யாருக்காக? பழைய முகங்களைத் திரட்டித் தருவதே விழா என்பார்கள் ஒரு சாரார். விழாவோ இல்லையோ, கதை தன் காலில் நிற்க வேண்டும் என்பார்கள் வேறு சிலர். அன்றுதான் முதன்முறையாகத் தொடரைப் பார்க்க உட்காரும் குடும்பத்துக்குப் புரியாவிட்டால் எல்லாம் வீண் என்பது இன்னொரு கட்சி. மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் அறுபது ஆண்டுக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது வேறு. விழாக் கதைகளின் வடிவத்தைத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் வராதவர்கள்: நோயாளி, மறுத்தவர், இறந்தவர். அந்த இடைவெளியை எழுத்தாளர் எப்படி எதிர்கொண்டார் என்பதில்தான் கதையின் தரம் இருக்கிறது.

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சில செய்திகள். முதல் அத்தியாயம் 1963 நவம்பர் 23 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்ட மறுநாள், ஒளிபரப்பானது. தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண். இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். வேற்றுக்கோளிலிருந்து தப்பி வந்த டாக்டர், போலீஸ் தொலைபேசிப் பெட்டி வடிவத்திலிருக்கும் டார்டிஸ் என்ற கலத்தில் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்கிறார். முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நலம் குன்றியபோது, 1966 அக்டோபரில், டாக்டரே உடல் மாறிப் புது மனிதராக எழுவதாகக் கதை அமைத்தார்கள். பேட்ரிக் ட்ரவுட்டன் இரண்டாம் டாக்டரானார். தொடர் இத்தனை காலம் உயிரோடிருப்பதற்குக் காரணம் இந்த உருமாற்றம். ஆண்டுவிழாச் சிக்கல் பிறந்ததும் இங்கேதான். பழைய டாக்டர்கள் எல்லோரும் ஒரே ஆள் என்றால், அவர்களை ஒரே அறையில் நிறுத்திப் பார்க்கும் ஆசை யாரை விடும்?

அந்த ஆசை முதலில் நிறைவேறியது 'த த்ரீ டாக்டர்ஸ்' கதையில். 1972 டிசம்பர் 30 முதல் 1973 ஜனவரி 20 வரை நான்கு பகுதிகளாக வந்த அந்தக் கதை பத்தாவது பருவத்தைத் தொடங்கிவைத்தது. அப்போதைய டாக்டர் ஜான் பெர்ட்வீ, ட்ரவுட்டன், ஹார்ட்னெல் மூவரும் சேர்ந்து அலைவதாகத்தான் முதல் திட்டம். ஹார்ட்னெல்லின் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது, நினைவு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது தெரிந்ததும் கதையைத் திருத்தினார்கள். முதல் டாக்டர் காலச் சுழலில் சிக்கிக்கொள்கிறார். டார்டிஸின் திரையில் மட்டும் தோன்றி மற்ற இருவருக்கும் யோசனை சொல்கிறார். அந்தக் காட்சிகளைத் தனியாக எடுத்தார்கள். உட்கார்ந்தபடி, எழுதிக் காட்டிய அட்டைகளைப் பார்த்து அவர் வசனம் சொன்னார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அவர் கண்கள் பக்கவாட்டில் நகர்வது தெரியும். ஆனாலும் சச்சரவு செய்யும் இரண்டு இளைய டாக்டர்களையும் அவர் அதட்டும்போது, மூவரில் மூத்தவர் யார் என்பதில் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. அவர் கடைசியாக நடித்தது அதுதான். 1975 ஏப்ரலில் இறந்துபோனார்.

இந்தக் கதையின் செட்டுகளையும் ஜெல்லி உருண்டை போன்ற அரக்கர்களையும் கேலி செய்யும் ரசிகர்கள் உண்டு; செய்யட்டும். அவர்கள் கவனிக்காத செய்தி ஒன்றுண்டு. 1969இல் ட்ரவுட்டன் விடைபெற்ற கதையில் டாக்டரைப் பூமிக்கு நாடுகடத்தியிருந்தார்கள் அவர் இனத்தவரான காலப் பிரபுக்கள். 'த த்ரீ டாக்டர்ஸ்' முடிவில் அந்தத் தண்டனை நீங்குகிறது. விழா முடிந்து வீடு திரும்பும்போது தொடரில் ஏதோ ஒன்று உண்மையிலேயே மாறியிருந்தது. பின்னால் வந்த விழாக் கதைகள் பலவற்றில் இது இல்லை.

இருபதாம் ஆண்டின் 'த ஃபைவ் டாக்டர்ஸ்' இன்றும் பலருக்கு உயிர். ஹார்ட்னெல் இல்லை. நான்காம் டாக்டர் டாம் பேக்கர் மறுத்துவிட்டார். ஏழாண்டுகள் நடித்துவிட்டு 1981இல்தான் விலகியிருந்தார், அதற்குள் திரும்பிவர மனமில்லை. ஐந்து டாக்டர்கள் என்று பெயர் வைத்த கதையில் இரண்டு நாற்காலிகள் காலி. எழுத்தாளர் டெரன்ஸ் டிக்ஸும் தயாரிப்பாளர் ஜான் நேதன் டர்னரும் இரண்டையும் இரண்டு விதமாக நிரப்பினார்கள். ஹார்ட்னெல் வேடத்தில் ரிச்சர்ட் ஹர்ண்டால் நடித்தார். டாம் பேக்கருக்கு 1979இல் வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்றுபோன, டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய 'ஷாடா' கதையின் துண்டு பயன்பட்டது. கேம்பிரிட்ஜ் ஆற்றில் படகோட்டிக்கொண்டிருக்கும் நான்காம் டாக்டர் காலச் சுழியில் மாட்டிக்கொள்வதாகக் கதையைக் கட்டினார்கள். விளம்பரப் படத்தில் அவருக்குப் பதிலாக மெழுகுச் சிலையை நிறுத்தினார்கள்.

ஹர்ண்டால் பற்றிய வாதம் நாற்பதாண்டுகளாக நடக்கிறது. இறந்தவர் வேடத்தில் இன்னொருவரா என்று கோபப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர் ஹார்ட்னெல்லைப் பிரதியெடுக்காமல் அந்த முதியவரின் எரிச்சலையும் கனிவையும் பிடித்துக்காட்டினார் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம். காரணம், கதை எதையும் மறைக்கவில்லை. தலைப்புக் காட்சிக்கும் முன்பாக, 1964ஆம் ஆண்டுக் கதையிலிருந்து உண்மையான ஹார்ட்னெல்லின் துண்டு வருகிறது. பேத்தி சூசனிடம் அவர் விடைபெறும் காட்சி. அசல் யார் என்பதை முதலில் காட்டி வணங்கிவிட்டுத்தான் மாற்று நடிகரை உள்ளே விடுகிறார்கள். தொடர் பிறந்த கதையைச் சொன்ன 2013 நாடகத்தில் ஹார்ட்னெல்லாகவும் பிறகு முதல் டாக்டராகவும் நடித்த டேவிட் பிராட்லியை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டதற்கு இந்த முன்னுதாரணம் வழி செய்தது.

பிரிட்டன் ரசிகர்களுக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. இந்தக் கதையை அமெரிக்காவின் சில ஊர்களில் நவம்பர் 23 அன்றே காட்டிவிட்டார்கள். தாய்நாட்டில் 'சில்ட்ரன் இன் நீட்' நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக 25ஆம் தேதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள்தானே என்று வெளியாள் கேட்கலாம். இருபதாண்டு காத்திருந்தவருக்கு அது சின்ன விஷயமல்ல.

1988 வெள்ளி விழாவில் அதிகாரபூர்வமான கதை 'சில்வர் நெமஸிஸ்'. பெயரிலேயே வெள்ளி, தொடரின் வில்லன்களான வெள்ளி நிறச் சைபர்மேன்கள், முதல் பகுதி சரியாக நவம்பர் 23 அன்று. இன்று அதை விரும்பிப் பார்ப்பவர் குறைவு. ரசிகர்கள் உண்மையான வெள்ளி விழாக் கதையாகக் கொண்டாடுவது அதே பருவத்தில், அக்டோபரில் வந்த 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் த டாலெக்ஸ்'. பென் ஆரனோவிச் எழுதியது. ஏழாம் டாக்டர் சில்வெஸ்டர் மெக்காய், தோழி ஏஸுடன் 1963 நவம்பர் லண்டனுக்கு, தொடர் தொடங்கிய அதே பள்ளிக்கும் பழைய இரும்புக் கடைக்கும் திரும்புகிறார். ஏஸ் தங்கியிருக்கும் விடுதியின் சன்னலில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்ற அறிவிப்பு அட்டை மாட்டியிருக்கிறது. அதை அவள் படிக்கும் கணத்தை மட்டும் காட்டிவிட்டுக் கதை நகர்கிறது. இன்னொரு காட்சியில், இரவு நேர உணவகத்தில் கறுப்பினப் பணியாளர் ஒருவரும் டாக்டரும் ஒரு கோப்பைத் தேநீரின் சர்க்கரையை வைத்து, சிறு முடிவுகள் எவ்வளவு தூரம் போகின்றன என்று பேசிக்கொள்கிறார்கள். சர்க்கரைக்காகத்தான் தன் முன்னோர் அடிமைகளாகக் கடத்தப்பட்டார்கள் என்கிறார் பணியாளர். தொடர் பிறந்த ஆண்டை இத்தனை நேர்மையாகத் திரும்பிப் பார்த்த விழாக் கதை வேறில்லை. 1963இன் தொடர் காட்டாமல் விட்ட மனிதர்களை 1988 உள்ளே அழைத்துவந்தது.

அடுத்த ஆண்டே, 1989 டிசம்பரில், தொடர் நின்றுபோனது. முப்பதாம் ஆண்டுக்காகத் திட்டமிட்ட 'த டார்க் டைமென்ஷன்' கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 1993 நவம்பர் 26, 27 தேதிகளில் கிடைத்தது 'டைமென்ஷன்ஸ் இன் டைம்' என்ற சின்னஞ்சிறு இரு பகுதிக் கதை. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரின் பாத்திரங்களோடு சேர்த்து, முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும். நடிகர்கள் அறக்கொடைக்காக ஊதியமின்றி நடித்ததால் அதை விற்பனைக்கு வெளியிடவும் வழியில்லை. ட்ரவுட்டன் 1987 மார்ச்சில் அமெரிக்காவில், ரசிகர் மாநாடு ஒன்றுக்குப் போன இடத்தில் இறந்திருந்தார். அவரும் ஹார்ட்னெல்லும் அந்தக் கதையில் சுழலும் பொம்மைத் தலைகளாக வருகிறார்கள். இறந்தவர்களை நினைக்கும் முறை அதுவல்ல.

ஆனால் அந்த வறண்ட ஆண்டுகளில் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 1991 முதல் புதிய நாவல்கள் வந்தன. ரசல் டி டேவிஸும் 1996இல் ஒன்று எழுதினார். 1999 முதல் 'பிக் ஃபினிஷ்' நிறுவனம் பழைய டாக்டர்களை வைத்தே ஒலி நாடகங்கள் தயாரித்தது. 2005 மார்ச்சில் தொடர் திரும்பிவந்தபோது எழுத்தாளர்களில் பலர் இந்தப் பட்டறையில் பழகியவர்கள்.

பொன்விழா. 2013 நவம்பர் 23 அன்று 'த டே ஆஃப் த டாக்டர்' 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாகிக் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது. பிரிட்டனில் மட்டும் சுமார் 1.28 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் ரசிகர் பேச்சில் ஓடியது ஒரே கேள்வி: எக்கிள்ஸ்டன் வருவாரா? 2005இல் ஒன்பதாம் டாக்டராக நடித்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் வரவில்லை. மோஃபட் அந்த மறுப்பைக் கொண்டே ஒரு புது மனிதரைப் படைத்தார். எட்டாம், ஒன்பதாம் டாக்டர்களுக்கு இடையே, டாக்டர் என்ற பெயரையே துறந்துவிட்டுப் போரிட்டவர். மற்ற டாக்டர்கள் நினைக்கவே கூசும் ஆள். நடித்தவர் ஜான் ஹர்ட். எக்கிள்ஸ்டன் சம்மதித்திருந்தால் இந்தப் பாத்திரமே இருந்திருக்காது. எனக்கு இந்தத் தொடரில் மிகப் பிடித்த முகங்களில் ஒன்று அது.

2005 முதல் தொடரின் அடிநாதம் டாக்டரின் குற்றவுணர்வு. காலப் போரை முடிப்பதற்காகச் சொந்தக் கோளான கேலிஃப்ரேயைக் குழந்தைகளோடு சேர்த்து அழித்தவர் அவர். 2013 கதை அவரை அந்தக் கணத்துக்கே கொண்டுபோகிறது. பாழடைந்த கொட்டகை, நடுவில் பெட்டி வடிவ ஆயுதம், அதன்மேல் ரோஜா போன்ற சிவப்புப் பொத்தான். ஹர்ட் தனியாக அழுத்தவிருந்த பொத்தானை அவரும் பின்னாளைய டாக்டர்கள் இருவரும் சேர்ந்து அழுத்த முன்வருகிறார்கள்: மூன்று கைகள் ஒன்றன்மேல் ஒன்று. எதிரே நிற்கும் தோழி கிளாரா கண்ணீரோடு மறுப்பாகத் தலையசைக்கிறாள். அவளால்தான் அவர்கள் மாற்று வழி தேடுகிறார்கள். அதுவரை வந்த எல்லா டாக்டர்களும், இனி வரப்போகும் கபால்டியின் கண்களும்கூட, ஒன்றுசேர்ந்து கோளைக் காப்பாற்றி ஒளித்துவைக்கிறார்கள்.

இங்கே ரசிகர்கள் பிளந்தார்கள், இன்னும் சேரவில்லை. எட்டாண்டு காலத் துயரத்தை ஒரே இரவில் துடைத்துவிட்டார் மோஃபட், எக்கிள்ஸ்டனும் டெனன்ட்டும் சுமந்த பாரத்துக்கு என்ன பொருள் என்பது ஒரு தரப்பு. டாக்டர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், ஆகவே அவர்கள் பட்ட வேதனை அப்படியே நிற்கிறது என்பது மறுதரப்பு. என் வாக்கு இரண்டாவது தரப்புக்கு; ஆனால் மறதி என்ற சமாதானத்துக்காக அல்ல. குழந்தைகளைக் கொன்றுதான் உலகைக் காக்க முடியும் என்ற கணக்கை ஏற்காதவர் என்றுதான் 1963 முதல் இந்த மனிதரை மக்கள் நேசித்தார்கள். பொன்விழாவில் அதை அவருக்கே நினைவூட்டியது சரியான செயல். அதன்பின் வந்தவர்கள் காப்பாற்றிய கோளை வைத்துப் பெரிதாக எதுவும் செய்யவில்லை, 2020இல் மறுபடி அழித்தும்விட்டார்கள் என்பது தனி வருத்தம்.

அந்த விழாவில் இன்னும் இரண்டு வருகைகள். 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படத்தோடு நின்றுபோன எட்டாம் டாக்டர் பால் மெக்கான், 17 ஆண்டுகள் கழித்து ஏழு நிமிடக் குறும்படம் ஒன்றில் தன் முடிவைப் பெற்றார். 1983இல் மறுத்த டாம் பேக்கர், 79 வயதில், அருங்காட்சியகக் காப்பாளராகக் கடைசி நிமிடங்களில் வந்து நின்றார். 1983இல் காலியாகக் கிடந்த நாற்காலி. அவர் குரல் கேட்டதும் திரையரங்குகளில் எழுந்த ஆரவாரத்தைப் பற்றி ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

வைரவிழாவுக்கு முன்னோட்டமாக 2022 அக்டோபரில், பிபிசியின் நூற்றாண்டுக்காக, சிப்னல் எழுதிய 'த பவர் ஆஃப் த டாக்டர்' வந்தது. அதன் இறுதியில் டாக்டரின் பழைய தோழர்கள் வட்டமாக அமர்ந்து பேசிக்கொள்ளும் காட்சியில், முதல் அத்தியாயத்தில் ஆசிரியராக வந்த வில்லியம் ரசல், 97 வயதில், அதே இயன் பாத்திரமாக உட்கார்ந்திருந்தார். 1965க்குப் பிறகு அவர் அந்த வேடத்தில் தொடரில் தோன்றியது அப்போதுதான். சிப்னலின் காலத்தைக் கடுமையாக விமர்சித்தவர்களும் அந்த ஒரு காட்சிக்காக அவரை மன்னித்தார்கள்.

2023 நவம்பர், டிசம்பரில் மூன்று சிறப்புக் கதைகள். நடுக் கதையான 'வைல்ட் ப்ளூ யாண்டர்' பற்றி எதையும் வெளியிடாமல் வைத்திருந்தார், மறுபடி தலைமை எழுத்தாளராக வந்திருந்த டேவிஸ். அந்த மௌனமே வதந்தியை வளர்த்தது. பழைய டாக்டர்கள் அனைவரும் அதில் ஒளிந்திருக்கிறார்கள் என்று பலர் நம்பினார்கள். வந்து பார்த்தால், அண்டத்தின் விளிம்பில் ஆளற்ற கலம், மறுபடி டாக்டராக டெனன்ட், அவர் தோழி டோனாவாக கேத்தரின் டேட், அவர்களைப் போலவே உருவெடுக்கும் இரண்டு பொல்லாத உயிர்கள். அவ்வளவுதான். அன்றிரவு ஏமாந்தவர்களில் பலர் இன்று மூன்றில் அதையே முதலிடத்தில் வைக்கிறார்கள். முடிவில் சக்கர நாற்காலியில், டோனாவின் தாத்தாவாக நடித்த பெர்னார்ட் கிரிபின்ஸ் வருகிறார். 2022 ஜூலையில், 93 வயதில், அவர் இறந்துவிட்டார்; கதையை அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்கள்.

மூன்றாம் கதையான 'த கிகிள்' மற்றொரு பிளவை உண்டாக்கியது. டெனன்ட்டின் டாக்டர் இறந்து இன்னொருவராகாமல் இரண்டாகப் பிரிகிறார்: ஒருவர் டெனன்ட்டாகவே டோனாவின் குடும்பத்தோடு தங்கி ஓய்வெடுக்க, மற்றவர் ஷூட்டி கட்வாவாகப் பயணத்தைத் தொடர்கிறார். டாக்டருக்கும் ஓய்வும் ஆறுதலும் வேண்டும் என்ற எண்ணம் அழகானது. ஆனால் நான் இங்கே எதிர்ப்பவர்களோடு நிற்கிறேன். விடைபெறுதலே இத்தொடரின் இதயம். புதியவர் வந்த கணத்தில் பழையவரும் பத்திரமாகத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தால், கட்வா போன்ற துடிப்பான நடிகருக்குக் கிடைக்க வேண்டிய மேடை பாதியாகிவிடுகிறது. யாரையும் இழக்க மனமில்லாத விழா அது.

உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. 1960களின் அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை பிபிசியில் இல்லாமல் போயின. நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். வெளிநாட்டு விற்பனைக்கான படச்சுருள்களையும் தூக்கியெறிந்தார்கள். தொலைந்த அத்தனை அத்தியாயங்களின் ஒலியும் இன்று கிடைக்கிறது. காரணம், அந்தக் காலத்திலேயே வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்துப் பதிவுசெய்த இளைஞர்கள். ஹார்ட்னெல் ட்ரவுட்டனாக மாறும் அத்தியாயம் தொலைந்தது. உருமாற்றத் துண்டு மட்டும் பிழைத்தது, 1973இல் தொடரின் பத்தாண்டு நிறைவையொட்டி 'புளூ பீட்டர்' நிகழ்ச்சி அதை எடுத்துக் காட்டியதால். பொன்விழா ஆண்டின் அக்டோபரில், நைஜீரியாவின் ஜோஸ் நகரில் பிலிப் மோரிஸ் கண்டெடுத்த ஒன்பது ட்ரவுட்டன் அத்தியாயங்கள் வெளிவந்தன. 'த டே ஆஃப் த டாக்டர்' அளவுக்கு என்னை மகிழ்வித்த செய்தி அது.

2033இல் எழுபதாம் ஆண்டு வரும். யார் வருவார்கள் என்ற ஊகம் இப்போதே தொடங்கிவிட்டது. எழுதப்போகிறவருக்கு ரசிகர்கள் பட்டியல் அனுப்ப வேண்டியதில்லை. கதை முடியும்போது டாக்டரின் வாழ்வில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும், இல்லாதவர்களைப் பொம்மையாக்கக் கூடாது என்ற இரண்டு கோரிக்கைகள் போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் விழாக் கதைகளில் முதலில் 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் த டாலெக்ஸ்' பாருங்கள். பிறகு 'த ஃபைவ் டாக்டர்ஸ்', அதன்பின் மெக்கானின் ஏழு நிமிடம், உடனே 'த டே ஆஃப் த டாக்டர்'. வைரவிழாவுக்காக பிபிசி தன் இணையத் திரையில் 800க்கும் மேற்பட்ட அத்தியாயங்களைத் திறந்துவைத்தபோது, உரிமைச் சிக்கலால் 1963இன் முதல் கதை மட்டும் அதில் இடம்பெறவில்லை. அதன் குறுவட்டு கிடைத்தால் விடாதீர்கள். முதல் 25 நிமிடங்களையாவது பாருங்கள்.